பால்சோறு ஏன் போதாது: வீட்டு நாயின் சாப்பாட்டுக் கணக்கு

15 கிலோ எடையுள்ள ஒரு நாட்டு நாயை எடுத்துக்கொள்வோம். வயது மூன்று, கருத்தடை ஆகிவிட்டது, பகல் முழுக்கத் திண்ணையில் படுத்திருக்கும். காலையும் இரவுமாகச் சேர்த்து அரைக் கிலோ சோறும் கால் லிட்டர் பாலும் ஊற்றிப் பிசைந்து வைக்கிறார்கள். தட்டை நக்கித் துடைத்துவிடுகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

கணக்குப் போட்டால் வேறு படம் தெரியும். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி, புரதம் 2.7 கிராம். அரைக் கிலோவுக்கு 650 கலோரி, புரதம் 13 கிராம் சொச்சம். பாலில் இருந்து இன்னொரு 160 கலோரியும் 8 கிராம் புரதமும். ஆக 810 கலோரி, 22 கிராம் புரதம். இந்த நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறக்குறைய 850 கலோரி, குறைந்தது 38 கிராம் புரதம். கலோரி வந்துவிட்டது, வயிறும் நிறைந்துவிட்டது. புரதம் பாதியைத் தாண்டி நின்றுவிட்டது. பால்சோறு தின்னும் நாய்க்கு வயிறு உருண்டையாகவும் முதுகுச் சதை வற்றியும் இருப்பதும், முடி மங்கிக் கொத்துக் கொத்தாக உதிர்வதும் இதனாலும் இருக்கலாம். உடனே ஷாம்பூவை மாற்றுவோம், தட்டை மாற்ற மாட்டோம்.

சோறு நாய்க்கு ஆகாது என்று இதற்குப் பொருளில்லை. ஓநாயிலிருந்து பிரிந்து மனிதரோடு வாழத் தொடங்கியபின் நாயின் உடலே மாறியிருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு நகல்கள்தான். நாய்களில் அது பல மடங்காகப் பெருகியிருப்பதை 2013ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நன்றாக வெந்த அரிசியை நாய் சுகமாகச் செரிக்கும். குறை சோற்றில் இல்லை, சோற்றுக்குப் பக்கத்தில் எதுவும் இல்லாததில்தான். பாலும் அந்த இடத்தை நிரப்பாது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். தயிரில் அது குறைவு, அதனால் தயிர்சோறு ஒத்துக்கொள்ளும். ஆனால் புரதக் கணக்கு அதேதான்.

எவ்வளவு போடுவது

'850 கலோரி' எங்கிருந்து வந்தது? உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு: எடையின் முக்கால் அடுக்கை 70ஆல் பெருக்க வேண்டும். பயப்பட வேண்டாம், செல்போன் கால்குலேட்டரே போதும். எடையை மூன்று முறை பெருக்குங்கள்: 15 × 15 × 15 = 3375. வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள்: முதலில் 58.1, அடுத்து 7.62. அதை 70ஆல் பெருக்கினால் 533. நாய் சும்மா படுத்துக் கிடக்கவே இவ்வளவு வேண்டும். கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு இதை 1.6ஆல் பெருக்குங்கள், செய்யாததற்கு 1.8. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு 3, அதன்பின் வளர்ந்து முடியும்வரை 2. இளைக்க வேண்டிய நாய்க்கு எதனாலும் பெருக்க வேண்டாம். எந்த எடைக்கு இறங்க வேண்டுமோ அந்த எடையை வைத்துக் கணக்கிட்டு, வந்த எண்ணையே கொடுங்கள்.

இது தொடக்கப் புள்ளி மட்டுமே. ஒரே எடையுள்ள இரண்டு நாய்களுக்கும் ஒரே அளவு பொருந்தாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். ஏறினால் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள், இறங்கினால் கூட்டுங்கள்.

தராசைவிட நல்ல கருவி உங்கள் கை. உள்ளங்கையை விரித்துக் கவிழ்த்து, புறங்கையை மறு கை விரல்களால் தடவிப் பாருங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பு வரிசையாகத் தட்டுப்படுகிறதல்லவா? நாயின் விலாவைத் தடவும்போது அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. கையை முஷ்டியாக மடக்கி முட்டியைத் தடவுவது போல் துருத்தினால் மெலிவு. உள்ளங்கையின் மேட்டைப் போல் அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு. ஒரு விதிவிலக்கு: சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குக் கடைசி இரண்டு மூன்று விலா வெளியே தெரிவது இயல்பு. லேப்ரடாரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை பட்டினி கிடப்பதாகத் தோன்றும். பாவம் பார்த்து நெய்ச்சோறு போட வேண்டாம்.

லேப்ரடாரில் கதை தலைகீழ். 48 லேப்ரடார்களைக் குட்டிப் பருவம் முதல் சாகும்வரை பின்தொடர்ந்த ஆய்வு 2002ல் வெளியானது. ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகக் கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை நடுமட்டக் கணக்கில் 13 வருடமும், மற்றவை 11.2 வருடமும் வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. நாயின் ஆயுளைக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூட்டும் டானிக் எந்தக் கடையிலும் கிடையாது. அளவுக் கிண்ணத்தில் கிடைக்கிறது.

பிஸ்கட்டும் இந்தக் கணக்கில் சேரும். தின்பண்டம் எதுவானாலும் நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். ஒரு மேரி பிஸ்கட்டில் 25 கலோரி என்று வைத்துக்கொண்டால், 5 கிலோ பொம்மரேனியனுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை பிஸ்கட்டோடு கணக்கு முடிந்தது. காபி நேரத்தில் வீட்டில் ஆளுக்கு இரண்டு நீட்டினால் என்ன ஆகும் என்பதை அதன் இடுப்பே சொல்லும்.

வீட்டில் சமைப்பதானால்

அதே 15 கிலோ நாய்க்கு ஒரு நாள் தட்டு இப்படி இருக்கலாம்: வெந்த சோறு 300 கிராம், எலும்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறி 180 கிராம், அவித்த முட்டை ஒன்று, மஞ்சள் பூசணியோ கேரட்டோ வேகவைத்து மசித்தது 100 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன். கலோரி 840ஐ ஒட்டி வரும், புரதம் 60 கிராமைத் தாண்டும். கறிக்குப் பதில் முள் நீக்கிய மத்தி மீன் வாரம் ஒரு நாள் போடலாம், வேகவைத்துத்தான். பச்சை மத்தியில் தயமின் என்ற பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது, வெந்தால் அது அழிந்துவிடும். கருவாடு வேண்டாம், அவ்வளவு உப்பு நாய்க்கு ஆகாது. ஈரல் நாய்க்கு உயிர், ஆனால் வைட்டமின் ஏ அதில் குவிந்திருப்பதால் கறியின் அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

கறிக்கடையில் 'நாய்க்குப் போடணும்' என்று கேட்டால் தலை, கால், கழுத்து, தோல் எல்லாம் சேர்த்து ஒரு பை மலிவாகக் கொடுப்பார்கள். எடையில் பாதி தோலும் எலும்புமாக இருக்கும். அதைத்தான் வாங்க முடியும் என்றால், தோலை உரித்துவிட்டு வேகவையுங்கள். ஆறியதும் மேலே படியும் கொழுப்பை வழித்தெடுங்கள். சதையை உருவிக்கொண்டு எலும்பைக் குப்பையில் போடுங்கள். வெந்த எலும்பு ஈரப்பசை இழந்து, கடித்தால் கூர்மையாகப் பிளக்கும். தொண்டையையும் குடலையும் குத்தும். நொறுங்கி உள்ளே போனாலும் சுண்ணாம்பு போல் இறுகி மலச்சிக்கலாக நிற்கும். ஆட்டுத் தொடை எலும்பு பிளக்காதே என்பார்கள். உண்மைதான், அது உடைப்பது நாயின் கடைவாய்ப் பல்லை.

எலும்பை எடுத்துவிட்டால் கால்சியத்துக்கு என்ன செய்வது? வீட்டுச் சமையல் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியமோ அதில் பதினைந்தில் ஒரு பங்குகூட இருக்காது. நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ அதைவிடச் சற்றுக் கூடவோ வேண்டும். தட்டில் வராத கால்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். வெறும் கறியும் சோறும் தின்னும் குட்டிக்குக் கால் வளைவதும், சாதாரணமாகக் குதித்ததற்கே எலும்பு முறிவதும் இதனால்தான். வளர்ந்த நாய்க்கு எளிய வழி முட்டை ஓடு. ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, உலர்த்தி, மிக்ஸியில் மாவாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். கொரகொரப்பாக இருந்தால் செரிக்காமல் வெளியே போய்விடும். மேலே சொன்ன தட்டுக்கு அரை டீஸ்பூன் போதும், அதிலிருந்து ஒரு கிராம் கால்சியம் கிடைக்கும்.

அப்படியும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவை குறைபடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013ல் வெளியிட்டார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஓர் அவசியச் சத்தாவது குறைந்திருந்தது. அதில் கால்நடை மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளும் உண்டு. ஆகவே மேலே உள்ள தட்டையும் அப்படியே வருடக்கணக்கில் போட வேண்டாம். அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் உங்கள் மருத்துவரிடம் காட்டி, அதற்கு ஏற்ற தாது வைட்டமின் தூளைக் கேட்டு வாங்குங்கள். 'என்ன போடுறீங்க?' என்ற கேள்விக்கு 'எல்லாம் சாப்பிடும் டாக்டர்' என்று பதில் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

சைவ வீடுகளில் முட்டையும் தயிரும் பனீரும் மீல் மேக்கரும் புரதத்தை ஈடுகட்டும். நாய்க்கு இது முடியும், பூனைக்கு முடியாது. ஆனால் கைக்கணக்கில் சமநிலை வருவது கறித் தட்டைவிடக் கடினம். முழுச்சத்து என்று அச்சிட்ட சைவத் தீனியை அடிப்படையாக வைத்துக்கொள்வது நல்லது.

குட்டிக்கும் கால்சியத்துக்கும் நடுவே ஒரு விபத்து

எல்லாக் கம்பெனித் தீனியையும் 'பெடிகிரி' என்றே சொல்லும் ஊர் இது. லேப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ குட்டியாக வந்ததும் குட்டித் தீனி ஒரு மூட்டை வாங்குவார்கள், கூடவே ஒரு பாட்டில் கால்சியம் சிரப்பும் வாங்குவார்கள். பெரிய இனமாயிற்றே, எலும்பு பலமாகட்டும் என்ற நல்லெண்ணம்தான். வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேல் வரும் கால்சியத்தை மடக்கித் தள்ளிவிடும். இளங்குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது, வருவதில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்ளும். மிகுதியான கால்சியம் குருத்தெலும்பு முறையாக எலும்பாக மாறுவதைக் குலைக்கிறது. விளைவு, கால் கோணுகிறது, மூட்டு நோகிறது. கால் கோணியதைப் பார்த்ததும் சிரப்பை இரட்டிப்பாக்குகிறார்கள்! சிரப் நிற்க வேண்டிய நேரம் அது. பெரிய இனக் குட்டிக்கென்றே தயாரித்த தீனியில் கால்சியம் வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே இருக்கிறது. மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் மேலே எதையும் சேர்க்கக் கூடாது.

குட்டிகளுக்கு வீட்டுச் சமையலைவிட நல்ல பாக்கெட் தீனியே பாதுகாப்பு என்பது எங்கள் கருத்து. வளர்ந்த நாய் ஒரு குறையைப் பல மாதம் தாங்கும். குட்டியின் எலும்பு அதற்குள் வளர்ந்து முடிந்துவிடும்.

பாக்கெட்டின் பின்பக்கம்

முன்பக்கத்துப் படத்தை விடுங்கள். பின்பக்கத்தில் முதலில் தேட வேண்டியது 'கம்ப்ளீட்' அல்லது 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்ற சொல். எந்த வயதுக்கு என்பதும் அதோடு இருக்க வேண்டும். 'காம்ப்ளிமெண்டரி' என்றிருந்தால் அது தொட்டுக்கொள்ள மட்டும், அதையே சாப்பாடாக்கக் கூடாது. கிரேவிப் பாக்கெட்டுகள் சிலவற்றில் இந்தச் சொல் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும்.

அடுத்தது புரத சதவீதம். அமெரிக்கத் தீவனத் தரக் கூட்டமைப்பான ஆஃப்கோ, ஈரத்தை நீக்கிய கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதமும் குட்டிக்கு 22.5 சதவீதமும் கேட்கிறது. 'ஈரத்தை நீக்கிய' என்பது முக்கியம். உலர்தீனியில் 22 சதவீதம், கிரேவியில் 8 சதவீதம் என்று பார்த்ததும் கிரேவி மட்டம் என்று தோன்றும். கிரேவியில் 78 சதவீதம் தண்ணீர். மீதி 22 பங்கில் 8 பங்கு புரதம், அதாவது 36 சதவீதம். உலர்தீனியில் ஈரம் 10 சதவீதமே, 22ஐ 90ஆல் வகுத்தால் 24 சதவீதம்தான். உட்பொருள் பட்டியலையும் இதே கண்ணோடு படியுங்கள். முதலில் 'சிக்கன்' என்று போட்டிருந்தால் அது தண்ணீரோடு நிறுத்த எடை, காய்ந்தபின் அது பட்டியலில் எங்கே நிற்கும் என்பது வேறு விஷயம்.

இந்தச் சதவீதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஆய்வகம் நேராகப் புரதத்தை அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறது. நைட்ரஜன் வேறு எதிலிருந்து வந்தாலும் புரதமாகவே எண்ணப்படும். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்தவர்கள் இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். 2007ல் வட அமெரிக்காவில் பல நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்தன, ஏராளமான தீனி வகைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. 'தானியம் இல்லாதது' என்று கூடுதல் விலைக்கு விற்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். அரிசிக்குப் பதில் பட்டாணியும் பருப்பும் நிறைத்த அத்தகைய தீனிகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று 2018ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விசாரிக்கத் தொடங்கியது. உறுதியான முடிவு வரவில்லை. அரிசி ஒத்துக்கொள்ளும் நாய்க்கு அதைத் தவிர்க்க ஒரு காரணமும் இல்லை.

அளவு போடுவது எளிது. பாக்கெட்டில் கிலோவுக்கு 3500 கலோரி என்றிருந்தால் நம் 15 கிலோ நாய்க்கு 850ஐ 3.5ஆல் வகுங்கள், 243 கிராம். டம்ளரில் அள்ளாமல் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். அதே டம்ளரில் ஆளுக்கு ஆள் அளவு மாறும்.

மூட்டை பிரித்து லூஸில் விற்கும் தீனியை வாங்காதீர்கள். எப்போது பிரித்தது, எப்போது காலாவதி என்று எதுவும் தெரியாது. நம் ஊர் ஈரக்காற்றில் கொழுப்பு சிக்குவாடை அடிக்கும், பூஞ்சை பிடிக்கும். மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைச் சிதைக்கும், சமைத்தாலும் போகாது. பையைப் பிரித்தால் ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே வாங்குங்கள். பையோடு டப்பாவில் வைத்து மூடுங்கள், டப்பாவில் நேராகக் கொட்ட வேண்டாம். அடியில் தங்கும் பழைய எண்ணெய் புதியதையும் கெடுக்கும்.

குழம்புச் சோறு

சாக்லேட் ஆகாது என்பது இன்று பலருக்கும் தெரியும். 50 கிராம் டார்க் சாக்லேட்டில் ஏறக்குறைய 250 மில்லிகிராம் தியோப்ரோமின் என்ற, நாய்க்கு நஞ்சான பொருள் இருக்கும். அதை முழுதாக விழுங்கும் 5 கிலோ நாய்க்கு இதயத் துடிப்பே தாறுமாறாகும். நம் வீடுகளில் இதைவிட அன்றாட ஆபத்து மிச்சக் குழம்பு.

வெங்காயம், பூண்டு இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் ரத்தத்தில் தெளிவான மாற்றம் காட்டும். 5 கிலோ நாய்க்கு 75 கிராம் என்பது ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயம். தினம் கொஞ்சமாகப் போனாலும் சேதம் சேரும். பூண்டு இன்னும் வீரியம். அறிகுறி உடனே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் காபி நிறத்தில் போகும்போது குழம்பு யாருக்கும் நினைவிருக்காது.

இன்னொன்று பலரும் கேள்விப்படாதது: புளி. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது தெரிந்திருந்தும், எந்தப் பொருளால் என்பது நெடுநாள் புதிராகவே இருந்தது. கேக் செய்யப் பயன்படும் க்ரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புத் தூள் கலந்து வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்கும் அதே சிறுநீரகக் கேடு வந்ததைப் பார்த்து, அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் 2021ல் டார்டாரிக் அமிலத்தைச் சுட்டினார்கள். புளி தின்ற நாய்களிடமும் அதுவே நடந்திருந்தது. புளியின் புளிப்பே டார்டாரிக் அமிலம்தான். சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, புளியோதரை எதையும் நாய்ச் சோற்றில் ஊற்றாதீர்கள். பாயசத்து முந்திரி திராட்சையும் வேண்டாம்.

சுகர்ஃப்ரீ சூயிங்கம்மிலும் சில கடலை வெண்ணெயிலும் சேரும் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் நாயின் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே அரை மணியில் ரத்தச் சர்க்கரையைச் சரியவைக்கும், கூடுதலாகப் போனால் கல்லீரலையும் கெடுக்கும். பிரியாணி மிச்சம், பொரித்த தோல், நெய் ஆகியவை கணைய அழற்சியைக் கிளப்பும். பண்டிகைக்கு மறுநாள் விடாமல் வாந்தி எடுத்து முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும் நாய்க்கு இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மாங்கொட்டையும் சோளக்கட்டையும் நஞ்சல்ல, ஆனால் குடலை அடைத்து அறுவை மேசைக்குக் கொண்டுபோகும். கொட்டை நீக்கிய மாம்பழம், வாழைப்பழம், தர்பூசணி எல்லாம் இரண்டு துண்டு கொடுக்கலாம்.

தின்னக் கூடாததைத் தின்றுவிட்டால் வாந்தி வரவைக்க உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அந்த உப்பே நாயைக் கொல்லக்கூடும். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன: இந்த நான்கையும் போனில் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக் காலையே பால்சோற்றை நிறுத்திப் புதுத் தீனியைக் கொட்டினால் வயிற்றுப்போக்கு நிச்சயம். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது. மூன்றாம் நான்காம் நாள் பாதிப் பாதி. ஐந்தாம் ஆறாம் நாள் முக்கால், ஏழாம் நாள் முழுவதும். நடுவில் மலம் இளகினால் முந்தைய படிக்குத் திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள். உலர்தீனிக்கு மாறும் நாய் முன்னைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும், அது இயல்புதான், கிண்ணத்தை நிறைத்தே வையுங்கள்.